தனகோடியின் பாஸ்போர்ட் சைஸ் படம்

ஆரணி மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருந்த ஸ்டுடியோவில் 1992 முதல் 1999 வரை பிசாசுகளை பாஸ்போர்ட் சைஸில் படம் வரைந்து கொடுத்தார்கள். விலை மனிதர்களின் போட்டோவைவிட ஒன்றரை மடங்கு, கலர் என்றால் இரண்டு மடங்கு, சட்டம் போடுவது தனி. முனிக்கு வரைவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் முனி ஸ்டூலில் உட்காராது. வரைந்தவர் குப்புராஜ். ஸ்டுடியோ முதலாளி நேமிநாதன், போளூர்ப் பக்கத்து சமணக் குடும்பம். ஊரே அவரை நைனார் என்றுதான் கூப்பிட்டது. பேய் பிசாசில் அவருக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் விலையை நிர்ணயித்தது அவர்தான்.

குப்புராஜ் கொசப்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறான் என்று அவருடைய அப்பா சின்ன வயதிலேயே ஸ்டுடியோ வேலைக்கு அனுப்பிவிட்டார். அங்கே நெகட்டிவில் டச்சிங் செய்வது அவர் வேலை. அடியில் பல்பு எரியும் கண்ணாடியின்மேல் நெகட்டிவை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பை மூடுவார், மாறுகண்ணை நேராக்குவார், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படமென்றால் நிறத்தை ஏற்றிவிடுவார். 1992 மாசி மாதம் கலசப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் பரீட்சைக்குப் படம் எடுக்க வந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே ஒரு நிழல் விழுந்திருந்தது. அதை அழிக்கப் போன குப்புராஜுக்கு நிழலுக்குள் இன்னொரு கண் தெரிந்தது. கண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் மூக்கு, மூக்கைப் பிடித்துக்கொண்டு போனால் படிய வாரிய தலை. கீழ்த்தாடை இல்லாத ஒரு கிழவன். பக்கத்தில் கிடந்த போட்டோ பேப்பரின் முதுகில் அவனை அப்படியே வரைந்து வைத்தார். மறுநாள் படம் வாங்க வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள், தண்ணீர் கேட்டாள், அன்றிலிருந்து தன் அப்பாவைக் கடிப்பதை நிறுத்திவிட்டாள். அதுவரை தினமும் கடித்துக்கொண்டிருந்தாளாம். வெட்கப்பட்டுக்கொண்டு அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

விஷயம் எளிமையானது. கண்ணாடியில் பேய்க்கு முகம் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அது தன் முகத்தை அதுவரை பார்த்தே இருக்காது. பார்த்ததும் அந்த முகத்தை விட்டு அதனால் பிரிய முடியாது. உடம்பை விட்டு இறங்கிப் படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். வேப்பிலை அடி, சவுக்கடி, முடியை முடிந்து மரத்தில் ஆணி அடிப்பது எதுவும் தேவையில்லை. பேய் பிடித்த ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து லைட்டைப் போட்டால், குப்புராஜ் எலும்போடு ஒட்டாமல் நிற்கிற இடத்தை முகத்தில் தேடுவார். அரை நாளில் படம் முடியும். படத்தைப் பேய் பிடித்தவர் முகத்துக்கு எதிரே காட்டுவார். முடிந்தது.

ஆரம்பத்தில் வரைந்த படங்கள் சில நாளில் அப்பளம் மாதிரி உப்பி வெடித்தன. அதற்கு வழி சொன்னது அவர் மனைவி தனகோடி. வீட்டில் தறி போட்டிருந்தவள் அவள்தான். புடவையில் பூவும் அன்னமும் விழுவதற்காகத் தறிக்கு மேலே மாலைபோல் தொங்கும் துளை போட்ட அட்டைகளில், தேய்ந்துபோன ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தாள்.

"ஓட்ட இருக்கறதுல வரைங்க. உள்ள போறது மூச்சு வுட வேணாமா?"

அந்த ஜக்கார்டு அட்டையை பாஸ்போர்ட் சைஸுக்கு வெட்டி வரைந்தபின் ஒரு படமும் உப்பவில்லை. இதுகளுக்கு மூச்சு வேண்டும் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று குப்புராஜ் யோசித்ததாகத் தெரியவில்லை. மனைவி சொன்னது சரியாக இருந்தால் யோசிக்கிற பழக்கம் ஆண்களுக்கு இல்லை.

வருகிறவற்றைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பயம் போய் அலுப்பு வந்தது. ராட்டினமங்கலத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுக்கு வருமானவரி ஆபீஸ் குமாஸ்தா மாதிரி முகம், வாயில் நெருப்பை வைத்துக்கொண்டு கூச்சத்தோடு இருமும். ஒரு காட்டேரி தன் பல்லை வாய்க்குள் அடக்கிக் காட்டும்படி கேட்டுக்கொண்டது. தேவிகாபுரத்துப் பாலத்தடிப் பேய், பிடித்திருந்த டிராக்டர் டிரைவரின் தொண்டை வழியாக, "கொஞ்சம் கலரா போடு வாத்தியாரே, நானு இம்மாங் கருப்பு கெடையாது" என்றது. எல்லாம் கல்யாணப் படத்துக்கு வருகிறவர்கள் கேட்கிறவைதான். குப்புராஜ் நிறத்தை ஏற்றிக் கொடுத்தார். மாலையில் வீட்டுக்குப் போய் இவற்றைச் சொல்வார். தனகோடி தறியை நிறுத்திவிட்டுக் கேட்பாள். மகள் லாவண்யா சிரிப்பாள், தனகோடி சிரிக்கமாட்டாள். "அப்புறம் அது இன்னா பண்ணிச்சி? உள்ள போவசொல்ல அழுதுச்சா?" என்று மட்டும் கேட்பாள்.

படங்களை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. கொளுத்திவிடலாம் என்றார்கள் கொண்டுவந்தவர்கள். நைனார் விடவில்லை.

"அதுவும் ஒரு பிறவிதான்யா. உனக்குப் புடிக்கலன்னு கொளுத்துவியா? அப்ப உன் மச்சான என்ன பண்ணுவ?"

அதனால் படங்கள் ஸ்டுடியோவின் உள்சுவரில் வரிசையாகத் தொங்கின. வெளிச்சுவரில் கல்யாண ஜோடிகள், உள்சுவரில் இவை. நனையாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். சேவூர் மளிகைக்கடை சுப்பராயலுவைப் பிடித்திருந்த குறளியின் படத்தில் ஒரு மழைநாளில் ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டி மை கரைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் சேவூரில் சுப்பராயலு பழையபடி வாடிக்கையாளர்களின் குடும்ப ரகசியங்களைக் கூவி விற்க ஆரம்பித்தார். மறுபடி வரையவேண்டி வந்தது. படம் நனைந்தால் உள்ளிருப்பது வந்த உடம்புக்கே திரும்பிப் போய்விடும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. நைனார் சுவரின்மேல் பிளாஸ்டிக் தாள் அடித்தார்.

தனகோடியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் சேவூர்ப் பெண். 1987 ஆடி வெள்ளிக்குச் சொந்தக்காரர்களோடு படவேட்டுக்குப் போனாள். ரேணுகாம்பாளைக் கும்பிட்டுத் திரும்பும்போது ஓடையில் கால் கழுவ இறங்கியவள் வர நேரமாகிவிட்டது. பஸ் போய்விட்டது. கூட வந்தவர்கள் திட்டிக்கொண்டிருக்கும்போது ஒற்றைச் செருப்போடு மேலேறி வந்தாள். அதற்கு முன்னால் அவள் தெருவே அறிந்த வாயாடி. கோபம் வந்தால் தறியில் ஓடும் பாவு நூலை அறுத்துவிட்டு எழுந்து போகிறவள். வந்த பிறகு அமைதியாகிவிட்டாள். அம்மன் புத்தி கொடுத்துவிட்டாள் என்று அவள் அம்மா பொங்கல் வைத்தாள். அடுத்த தை மாதத்தில் குப்புராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் உப்பு சேர்த்துக்கொள்ளமாட்டாள், தன் பங்குச் சோற்றையும் குழம்பையும் உப்பு போடுவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுவாள். வீட்டுக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தாள், பொட்டை விரலால் தடவி வைத்துக்கொள்வாள். அரிவாள்மணையைத் துணி சுற்றித்தான் தொடுவாள். தூங்கும்போது கண் மூடாது. சிக்கனமானவள், மினுக்காதவள், ஜாக்கிரதையானவள் என்று கொசப்பாளையத்தில் பெயர் வாங்கினாள். அடுத்த தெருவில் நடந்துபோகிற ஆளின் நிழலைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லக்கூடிய குப்புராஜ், இத்தனையையும் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் அவளோடு சந்தோஷமாகக் குடித்தனம் நடத்தினார். அவளுடைய கை வேலையில் ஒரு இழை தளர்ந்ததில்லை. காய்ச்சல் வந்தால் அவர் நெற்றியில் அவள் வைக்கிற கை ஓடைத்தண்ணீர் மாதிரி குளிர்ந்திருக்கும். அது அவருக்குப் பிடிக்கும்.

1999 ஆடி மாதம் தனகோடி அழ ஆரம்பித்தாள். தறியில் ஊடை நூல் நாடாவைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே முகம் கோணும், கை நின்றுவிடும். சின்னப் பெண்ணின் குரல் ஒன்று வாயிலிருந்து வரும். "வுடு, பஸ்ஸு போயிடும். என் செருப்பக் காணோம். அம்மா திட்டும், வுடு." கொஞ்ச நேரத்தில் முகம் நேராகும். தனகோடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வாள். ஒன்றுமில்லை என்பாள். ஆவணியில் தினமும் வந்தது. புரட்டாசியில் சாப்பிடும்போதும், மகளுக்குத் தலை வாரும்போதும் வந்தது. "யாரு இந்தப் பொண்ணு? எனக்கு எதுக்கு இத்தக் கொடுத்துக்கினு கீறீங்க?" என்று அந்தக் குரல் லாவண்யாவைக் காட்டிக் கேட்டது. பத்து வயது லாவண்யா சீப்பை வாங்கிக்கொண்டு தானே வாரிக்கொள்ளப் பழகினாள்.

ஊர்ப் பேயையெல்லாம் இறக்கியவன் வீட்டிலேயே பேய் ஏறிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தனகோடியின் அண்ணன் மாணிக்கவேல் சேவூரிலிருந்து வந்து அவளைப் படவேட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே வேப்பிலையால் அடித்தபோது அழுகை இன்னும் சத்தமாயிற்று. "அடிக்காதீங்க, நான்தாங்க, நான் தனகோடி" என்று அந்தக் குரல் கத்தியது. எல்லாப் பேயும் அப்படித்தான் சொல்லும் என்று இன்னும் இரண்டு அடி கூடப் போட்டார்கள். குப்புராஜும் அங்கே நின்றிருந்தார். அவரும் அதையேதான் நினைத்தார்.

திரும்பி வந்ததும் தானே வரைந்துவிடுவதென்று உட்கார்ந்தார். ஸ்டுடியோவுக்கு அவள் வரமாட்டாள், கல்யாணமான நாளிலிருந்து அந்த வாசலை மிதித்ததில்லை. அதனால் தறிக்கு எதிரே ஸ்டூல் போட்டுக்கொண்டு வீட்டிலேயே வரைந்தார். அவள் அழும் நேரத்துக்காகக் காத்திருந்து, முகம் கோணுகிற அந்தக் கணத்தில் எலும்போடு ஒட்டாமல் நிற்பதைப் பிடித்துக்கொண்டு கோடு இழுத்தார். கண் வந்தது, மூக்கு வந்தது, முடித்துப் பார்த்தால் தனகோடி. அழாத தனகோடி, அவர் மனைவி, அமைதியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை பிசகிவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தார். மறுபடியும் தனகோடி. ஐப்பசி முழுதும் வரைந்தார். வெளியூரிலிருந்து பேய் பிடித்தவர்களைக் கட்டிக் கொண்டுவந்தவர்கள் ஸ்டுடியோ வாசலில் காத்திருந்து திரும்பிப் போனார்கள். பிஸ்கட் டப்பா ஒன்று மனைவியின் முகங்களால் நிறைந்தது. எந்தப் படத்தையும் அவர் அவளுக்குக் காட்டவில்லை. காட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது? அவள் முகத்தையே அவளுக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது? ரொம்ப நெருங்கிய முகத்தில் வேறொன்றைப் பார்க்கிற சக்தி தனக்கு இல்லை என்று முடிவு செய்தார். நைனாரிடம் சொல்லி அழுதார். நைனார் டப்பாவை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் வரைஞ்சிருக்க. ரொம்ப நல்லாவே வரைஞ்சிருக்க" என்று டப்பாவை மூடிக் கொடுத்தார், முகம் மட்டும் மாறிப்போயிற்று.

அந்த ஐப்பசியின் கடைசியில் ஒரு காலை. தனகோடி அரிசியை ஊறப்போட்டாள். தறியில் பாதி நெய்து நின்றிருந்த மயில்கழுத்துப் பச்சைப் புடவையில் அறுந்திருந்த இழைகளையெல்லாம் முடிந்தாள். லாவண்யாவை உட்காரவைத்து, அன்றைக்கு முகம் கோணாமல், எண்ணெய் வைத்து நெடுநேரம் வாரி இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். பிறகு வந்து குப்புராஜுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, வரைஞ்சத காட்டுங்க."

"அது இன்னாத்துக்கு? ஒண்ணும் சரியா வரல. எல்லாம் உன் மூஞ்சியாவே வருது."

"தெரியும். காட்டுங்க."

"கஷ்டமா கீது தனம். என்னால அத்தப் புடிக்க முடியல."

"உள்ள இருந்து ஒருத்தி தட்டிக்கினே இருந்தா எம்மா நாளு காதப் பொத்திக்கினு இருக்கறது? எனக்கும் பேஜாராதான் கீது" என்றாள் தனகோடி. "நல்லதா ஒண்ணு எடுங்க."

அவர் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார். எடுத்தது நன்றாக வந்திருந்த படம்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நிறத்தை ஏற்றாமல் உள்ளது உள்ளபடி போட்டிருந்தார், இடது கன்னத்தில் மூன்று துளைகள் விழுந்திருந்தன. "பாரு, நீதான்" என்று அவள் முகத்துக்கு எதிரே பிடித்தார். தனகோடி பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் இமை மூடித் திறந்ததை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். "இப்டியா இருந்தேன்?" என்றாள். கேட்டது உதடா, கையிலிருந்த அட்டையா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அட்டை கனத்தது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் பேய் இறங்கும்போது அவருக்குத் தெரிந்த கனம்தான் அது.

எதிரே உட்கார்ந்திருந்தவள் சுற்றிலும் பார்த்தாள். தறியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், கைமேல் ஓடிய நரம்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க யாருங்க? பஸ்ஸு போயிட்டுதா?"

நைனார் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்த குப்புராஜிடம் சொன்னார். "பேய் நல்லபடியா குடும்பம் நடத்திச்சு, மனுஷி உள்ள கெடந்து அழுதா. நீ அழுவறவள வெரட்டப் பாத்த குப்பு. டப்பாவப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகந்தான். எனக்குத்தான் நம்பிக்க இல்லியே, எப்டிச் சொல்றது?"

அந்தப் பெண்ணுக்கு, அதாவது சேவூர் தனகோடிக்கு, மனதில் பத்தொன்பது வயது, உடம்புக்கு முப்பத்தொன்று. கல்யாணம் ஆனது தெரியாது. வயிற்றில் ஆபரேஷன் தழும்பைத் தொட்டுப் பார்த்து, "இது எப்போ?" என்று பக்கத்து வீட்டு சின்னபொண்ணுவிடம் கேட்டாள். லாவண்யா பிறந்தபோது போட்டது என்று அவள் சொன்னாள். தனகோடி அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று அழுதாள். அம்மா செத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சாவுக்கு அவளும்தான் போயிருந்தாள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றுவிட்டு வந்தாள் என்று சேவூரில் இன்னும் குறை சொல்கிறவர்கள் உண்டு. இப்போது அழுதாள், ஒரு மாதம் அழுதாள். மாணிக்கவேல் கூட்டிக்கொண்டு போய் வைத்திருந்தார். அண்ணிக்குப் பிடிக்கவில்லை. பைத்தியம் என்று பிள்ளைகள் கேலி செய்தன. தை பிறக்கும் முன் ஒரு நாள் அவளே டவுன் பஸ் ஏறி கொசப்பாளையத்துக்கு வந்தாள். "தறியில பாதிப் புடவை நிக்குதுன்னு சொன்னாங்க" என்று குப்புராஜிடம் சொல்லிவிட்டுத் தறிக்குழிக்குள் காலை வைத்து உட்கார்ந்தாள். அவளுக்கும் நெசவு தெரியும், ஆனால் கை வேறு. அந்த மயில்கழுத்துப் பச்சைப் புடவையில் பாதிவரைக்கும் நெசவு பலகைபோல் இறுக்கமாகவும் மீதி இளக்கமாகவும் இருந்தது. புடவை எடுக்க வந்த ஆள் விரலால் தடவிப் பார்த்து, "இன்னாம்மா, நடுவுல ஆள் மாறிச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

அதன் பிறகு அவர்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவள் உள்ளறையில், குப்புராஜ் வெளித்தாழ்வாரத்தில். அவள் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் "லாவண்யா அப்பா" என்பாள். லாவண்யா அவளைச் சேவூரம்மா என்று கூப்பிட்டாள். அம்மா என்று கூப்பிட்டது தறிக்கு மேலே ஆணியில் தொங்கிய படத்தை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் புத்தகப் பையோடு அதன் கீழே நின்று நடந்ததையெல்லாம் சொல்வாள். நாளுக்கு நாள் படத்தின் காதோரத்தில் முடி நரைத்துக்கொண்டு வந்தது. குப்புராஜ் படம் வரைவதை விட்டுவிட்டார். ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வந்தபோது அதில் டச்சிங் கற்றுக்கொண்டார். பேய் பிடித்தவர்கள் வந்தால் நைனாரே, "வேலூருக்குப் போய் நரம்பு டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

படத்தின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும், உள்ளிருப்பவள் பழைய உடம்புக்குத் திரும்பிவிடுவாள். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். லாவண்யாவுக்குப் பன்னிரண்டு வயதில் டைபாய்டு வந்தது. ஜுரத்தில் அவள் குளிர்ந்த கையைத் தேடினாள். "தண்ணி ஊத்துப்பா. கொஞ்சம் ஊத்துனா போதும்பா" என்றாள். சேவூரம்மா பக்கத்தில்தான் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவில்லை, துணியை மடித்து மறுபடி நெற்றியில் போட்டாள். குப்புராஜ் டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தறி வரைக்கும் போனார். ஆணிக்குக் கீழே நின்றார். படத்தில் இருந்தவள் அவரைப் பார்த்தாள். ஊற்று என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். தன் மனைவியை வீட்டுக்குக் கூட்டி வரவேண்டுமென்றால் ஒருத்தியை மறுபடி ஓடைக்குள் தள்ளவேண்டும். அது கொலை என்று நைனார் சொல்லியிருந்தார். நைனார் சொல்லாவிட்டாலும் அது கொலைதான். ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் ஓடு வேய்கிற ஆட்கள் வீட்டு ஓடுகளை மாற்றச் சொன்னபோது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

2005 கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. கமண்டல நாகநதியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. பகல் பதினொரு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. நைனார் ஸ்டுடியோ ஷட்டரை இறக்கிக்கொண்டே, "குப்பு, உன் வீட்டு ஓடு ஒழுகுமே. ஜல்தியா போ" என்றார். குப்புராஜ் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். மார்க்கெட் தாண்டும்வரை வேகமாகத்தான் நடந்தார். பிறகு மெதுவாக நடந்தார். டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்தார், சூடு ஆறுகிறவரைக்கும் கிளாஸைக் கையில் வைத்திருந்தார். ஒரு தெரு தள்ளிப் போகிற வழியில் போனார். தான் செய்ய முடியாததை மழை செய்துவிட்டால் அதற்குத் தான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்தபோது தறிக்கு மேலே நேராகச் சொட்டிக்கொண்டிருந்தது. பாவு நனைந்து, நிறம் இறங்கிக் குழிக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆணியில் படம் இல்லை.

அடுப்படியில் யாரோ உலையைக் கிளறும் சத்தம் கேட்டது. குப்புராஜ் வாசற்படியிலேயே நின்றார். எந்தக் குரல் வரும் என்று காத்துக்கொண்டு நின்றார். உள்ளே போகவும் அவரால் முடியவில்லை.

"நனையல" என்றது சேவூர்க் குரல்.

அவள் அரிசிப் பானைக்குள் கையை விட்டு, புடவை வைக்கிற பிளாஸ்டிக் கவரில் மூன்று மடிப்பாகச் சுற்றியிருந்த படத்தை எடுத்துக் காட்டினாள். தறியைப் பிளாஸ்டிக் தாளால் மூட அவளுக்கு நேரமில்லை. ஒரு புடவைப் பாவு போய்விட்டது, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. குப்புராஜ் ஈரக் குடையோடு நின்றார்.

"ஸ்டுடியோலருந்து நடந்து வர இம்மாந் நேரமா?" என்றாள்.

அவர் குடையை மடக்கினார். அவள் அடுப்பின் பக்கம் திரும்பினாள். குழம்புச் சட்டியில் உப்பு போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து ஒரு கிண்ணச் சோற்றில் ஊற்றினாள். அவள் உப்பு சேர்த்துக்கொள்கிறவள். கிண்ணம் யாருக்கென்று குப்புராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை அரிசிப் பானையின் மூடிமேல் சாய்த்து வைத்து, கிண்ணத்தை அதன் எதிரே வைத்தாள்.

"பன்னெண்டு வருசம் நானு உள்ள கெடந்தேன். அது எனக்கு ஒரு நாளு கூடச் சோறு போடாம இருந்ததில்ல" என்றாள். "மழ வுட்டதும் மொதல்ல ஓட்ட மாத்துங்க."

மழை விட்டதும் ஓடு மாற்றினார்கள். மழை பெய்த அன்றைக்கே சாயங்காலம் பார்த்தபோது கிண்ணம் காலியாக இருந்தது. கழுவிக் கவிழ்த்தார்கள். மறுநாளும் வைத்தாள், காலியாயிற்று. குப்புராஜ் வெளித்தாழ்வாரத்திலேயேதான் படுத்தார். காய்ச்சல் வந்தால் தன் கையைத் தானே தண்ணீரில் நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். படத்தைப் பழைய ஆணியில் மாட்டினார்கள். கொசப்பாளையத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற பெண்கள் முதலில் சேவூர் தனகோடிக்குக் குங்குமம் கொடுப்பார்கள். பிறகு தறிக்குழியின் விளிம்பில் ஏறி நின்று, அட்டையின் துளைகளில் விரல் படாமல், படத்தின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து, இரண்டு பேரும் வந்துடுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.